நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வு எவ்வளவு?

பத்தாம் வகுப்பின் ஆயத்தொலை வடிவியல் பாடம் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறது: நிலைக்குத்துக் கோட்டின் சாய்வை வரையறுக்க இயலாது. தேர்வுக்கு அந்த வரி போதும், மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அதை எழுதிவிட்டு வந்த மாணவருக்குச் சில சந்தேகங்கள் மிஞ்சியிருக்கும். வரைதாளில் பளிச்சென்று தெரிகிற, அளவுகோலை வைத்து ஒரே இழுப்பில் போட்டுவிடக்கூடிய கோட்டுக்கு ஏன் ஓர் எண் கிடைக்கவில்லை? குறை கோட்டிலா, சூத்திரத்திலா? 'முடிவிலி' என்று எழுதினால் எதற்காகச் சிவப்பு மையால் அடிக்கிறார்கள்? படம் வரையும் கணிப்பொறி இந்தக் கோட்டை எப்படிச் சமாளிக்கிறது?

இவை ஒவ்வொன்றுக்கும் கணிதத்துக்குள்ளும் வெளியிலும் பலர் பதில் தேடியிருக்கிறார்கள். அந்தப் பதில்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். கோட்டில் எந்தக் குறையும் இல்லை. ஒரு திசையை ஒரே எண்ணால் குறிக்க முயலும் எந்த முறையும் எங்கோ ஓரிடத்தில் இடறியே தீரும். சாய்வு என்னும் அளவு இடறும் இடம் நிலைக்குத்துத் திசை.

சூத்திரம் நிற்கும் இடம்

சாய்வு ஒரு விகிதம். கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகையில் எவ்வளவு ஏறினோம் என்பதை, கிடையாக எவ்வளவு நகர்ந்தோம் என்பதால் வகுக்கிறோம். (1, 2), (4, 8) ஆகிய புள்ளிகளில் ஏற்றம் 6, நகர்வு 3, சாய்வு 2. புள்ளிகளின் வரிசையை மாற்றினால் ஏற்றம் −6, நகர்வு −3. விடை அப்போதும் 2தான். எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் ஒரே எண் வருவதுதான் இந்தச் சூத்திரத்தின் பலம்.

இப்போது (3, 1), (3, 7) ஆகிய புள்ளிகளை எடுப்போம். ஏற்றம் 6, நகர்வு 0. ஆறைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டும். வகுத்தல் என்பது பெருக்கலைத் திருப்பிக் கேட்பது. எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் 6 வரும் என்பதே இங்கே கேள்வி. பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் பூச்சியமே வருவதால் அப்படி ஓர் எண் கிடையாது. இருப்பதாக வலிந்து வைத்துக்கொண்டால் 6-ம் 0-வும் சமம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். மொத்த எண்கணிதமும் சரிந்துவிடும். முக்கோணவியல் வழியாகப் போனாலும் இதே பள்ளம்தான். எக்ஸ் அச்சோடு கோடு அமைக்கும் கோணத்தின் டேன் மதிப்பே சாய்வு. டேன் என்பது சைனைக் கொசைனால் வகுத்தது. 90 பாகையில் சைன் 1, கொசைன் 0.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படுபவை இரண்டு. ஒன்று கிடைமட்டக் கோடு. (1, 3), (7, 3) ஆகியவற்றில் ஏற்றம் 0, நகர்வு 6, சாய்வு 0. இது முழுமையான விடை. எவ்வளவு நடந்தாலும் ஏற்றம் இல்லை என்ற செய்தியை அந்த 0 சொல்கிறது. பூச்சியம் மேலே இருந்தால் விடை உண்டு, கீழே இருந்தால் இல்லை. மற்றொன்று ஒரே புள்ளியை இரண்டு முறை எடுத்துக்கொள்வது. அப்போது பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேர்கிறது. முன்னதில் எந்த எண்ணும் பொருந்தவில்லை. இதிலோ எல்லா எண்ணும் பொருந்துகின்றன. வடிவியல் இதற்கு நல்ல விளக்கம் தருகிறது: ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போகலாம், ஆகவே எந்தச் சாய்வைச் சொன்னாலும் சரி. இரண்டையும் 'வரையறுக்க இயலாது' என்ற ஒரே பெட்டியில் போட்டாலும் காரணங்கள் எதிரெதிரானவை.

பூச்சியத்தால் வகுத்தவர்கள்

வரைபடமும் அச்சுகளும் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூச்சியத்தால் வகுப்பது பற்றிய வழக்கு தொடங்கிவிட்டது. பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியத்தைப் பகுதியாகக் கொண்ட பின்னம் கிடைக்கும் என்றார். அந்தப் பின்னத்தின் மதிப்பு என்ன என்பதற்குள் அவர் போகவில்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியமே என்றும் எழுதினார். இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் மகாவீரர், கணித சார சங்கிரகத்தில், பூச்சியத்தால் வகுக்கப்பட்ட எண் மாறாமல் அப்படியே நிற்கும் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அந்தப் பின்னத்துக்கு 'ககரம்' என்று பெயரிட்டு, அதோடு எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாறாத முடிவற்ற அளவு என்று விளக்கினார்.

இந்த மூன்று விடைகளையும் இன்றைய வகுப்பறையிலும் கேட்கலாம். சாய்வு 6 என்று எழுதும் மாணவர் மகாவீரர் கட்சி. 6-இன் கீழ் 0 என்று எழுதி அப்படியே விட்டுவிடுபவர் பிரம்மகுப்தர் கட்சி. முடிவிலி என்பவர் பாஸ்கரர் கட்சி. மூன்றில் ஆராய வேண்டியது கடைசி விடை. அதற்குள் ஓர் உண்மையும் ஒரு சிக்கலும் சேர்ந்தே இருக்கின்றன.

முடிவிலி என்று எழுதினால் என்ன?

ஆதிப்புள்ளியில் ஒரு கோட்டைப் பொருத்தி மெல்ல நிமிர்த்துவோம். 45 பாகையில் சாய்வு 1. 80 பாகையில் சுமார் 5.67. 89 பாகையில் 57.29. 89.9 பாகையில் 572.96. 89.99 பாகையில் 5729.58. எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அதைத் தாண்டும் சாய்வுள்ள கோடு 90 பாகைக்குள்ளேயே இருக்கிறது. முடிவிலி என்ற விடையில் உள்ள உண்மை இது.

சிக்கல் 90 பாகையைத் தாண்டியதும் வருகிறது. 90.01 பாகையில் சாய்வு −5729.58. கண்ணுக்குக் கோடு இம்மியளவே அசைந்திருக்கிறது; எண்ணோ மிகப் பெரிய நேர்மதிப்பிலிருந்து மிகப் பெரிய எதிர்மதிப்புக்குத் தாவிவிட்டது. இடப்பக்கமிருந்து வந்தால் ஒரு முடிவிலி, வலப்பக்கமிருந்து வந்தால் அதற்கு நேர் எதிரான முடிவிலி. நிலைக்குத்துக் கோட்டுக்கு எதை ஒதுக்குவது? இரண்டு பக்கமிருந்தும் ஒரே மதிப்பு வராததால் எல்லை மதிப்பும் இங்கே உதவாது.

முடிவிலிக் குறியை 1655-இல் அறிமுகப்படுத்திய ஆங்கிலக் கணிதர் ஜான் வாலிஸ் இதே இடத்தில்தான் தடுமாறினார். பகுதி குறையக் குறையப் பின்னம் பெருகுகிறது. பகுதி பூச்சியமானால் முடிவிலி. பகுதி பூச்சியத்துக்கும் கீழே போய் எதிரெண் ஆனால், பின்னம் முடிவிலியையும் மிஞ்ச வேண்டும் அல்லவா? ஆகவே எதிரெண்கள் முடிவிலியைவிடப் பெரியவை என்று 1656-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். அபத்தம் போலத் தோன்றும். ஆனால் நிமிர்ந்துகொண்டே போகும் கோட்டைப் பார்த்தால் அவர் கண்டது இன்னதென்று புரிகிறது. சாய்வு பெருகிப் பெருகி, நிலைக்குத்தைக் கடந்து, எதிரெண்களுக்குள் நுழைகிறது. அங்கிருந்து −1000, −10, −1 என்று ஏறி, கோடு படுக்கையாகும்போது 0-க்குத் திரும்புகிறது. திசைகள் ஒரு வட்டமாகச் சுற்றி வருகின்றன. வாலிஸ் அந்த வட்டத்தை நேராக நீளும் எண்கோட்டின் மேல் படிக்கப் பார்த்தார்.

ஒரு முடிவிலியா, இரண்டா?

இந்த இடத்தில் கணிதம் இரண்டு வழியாகப் பிரிகிறது. முதல் வழி, எண்கோட்டின் இரு முனைகளிலும் நேர் முடிவிலி, எதிர் முடிவிலி என இரண்டை வைப்பது. நுண்கணிதத்துக்கு இது வசதி. எண்களின் சிறியது, பெரியது என்ற வரிசை கெடாது. ஆனால் நிலைக்குத்துக் கோடு இரண்டு முனைக்கும் ஒருசேரச் சொந்தமாகிவிடுகிறது.

இரண்டாவது வழி, இரு முனைகளையும் வளைத்து ஒரே முடிவிலிப் புள்ளியில் இணைத்துவிடுவது. தேசார்க் 1639-இல் தொடங்கி, போன்ஸ்லே 1822-இல் விரிவாக வளர்த்த வீழ்ப்பு வடிவியல் இந்த வழியில் வருவது. இங்கே இணைகோடுகள் முடிவிலியில் சந்திக்கின்றன. ஒவ்வொரு திசைக்கும் ஒரு முடிவிலிப் புள்ளி. இந்த அமைப்பில் நிலைக்குத்துக் கோட்டின் சாய்வு முடிவிலி என்று எழுதலாம், அது முழுச் சரி. முடிவிலி ஒன்றே என்பதால் நேரா எதிரா என்ற கேள்வி எழாது.

விலை கொடுக்காமல் அந்த வசதி வருவதில்லை. முடிவிலியைப் பூச்சியத்தால் பெருக்கினால் என்ன, முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் என்ன என்பவற்றுக்கு இங்கேயும் விடை இல்லை. எண்களின் வரிசையும் பொருளிழக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 என்ற விதி, கிடைக்கோட்டுக்கும் நிலைக்குத்துக் கோட்டுக்கும் அப்போதும் பொருந்தாது. மிகத் தெளிவாகச் செங்குத்தாக இருக்கும் இரு கோடுகளுக்கு அந்த விதி உதவாமல் போவதைப் பாடநூல்கள் 'நிலைக்குத்து அல்லாத கோடுகள்' என்ற அடைமொழியால் கடந்துபோகின்றன.

ஒரு முடிவிலியா இரண்டா என்ற இந்த விவாதம் சிலிக்கான் சில்லுக்குள்ளும் புகுந்திருக்கிறது. இன்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 8087 என்ற கணக்குச் செயலியில் இரண்டு முறைகளும் இருந்தன. எது வேண்டும் என்பதை நிரலாளர் ஒரு பிட்டை மாற்றித் தெரிவு செய்யலாம். மிதவைப் புள்ளிக் கணக்குக்காக 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை, குறியோடு கூடிய இரண்டு முடிவிலிகளை மட்டுமே வைத்துக்கொண்டது. பின்னர் வந்த 80387 செயலியில் அந்தத் தெரிவு செல்லாததாகிவிட்டது.

அந்தத் தரநிலையைப் பின்பற்றும் கணிப்பொறியில் நம் (3, 1), (3, 7) புள்ளிகளைக் கொடுத்துப் பார்க்கலாம். ஏற்றம் 6, நகர்வு 0. விடை நேர் முடிவிலி. புள்ளிகளை வரிசை மாற்றிக் கொடுத்தால் ஏற்றம் −6 ஆகும். நகர்வோ மூன்றிலிருந்து மூன்று போக அதே 0. விடை எதிர் முடிவிலி. கோடு ஒன்றேதான், விடைகள் இரண்டு. எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் ஒரே எண் என்று முதலில் சொன்ன பலம் இங்கே போய்விட்டது. தேர்வுத்தாளில் முடிவிலியை ஏன் அடிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது கடினம். ஜாவாஸ்கிரிப்ட் இப்படி முடிவிலியைத் தருகிறது. பைத்தான் பூச்சியத்தால் வகுத்த பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. எக்செல் கட்டத்திலும் பிழைக்குறிதான் தெரியும்.

சாய்வைக் கைவிட்டவர்கள்

கோடுகளோடு தொழில் செய்பவர்களால் 'வரையறுக்க இயலாது' என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அவர்கள் அளவையே மாற்றிக்கொண்டார்கள். இதற்கு மிகத் தெளிவான சான்று ஹஃப் உருமாற்றம். துகள் இயற்பியல் சோதனைகளில் குமிழிக்கூடத்தில் எடுத்த படங்களில் துகள்களின் தடங்களைப் பொறியே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகப் பால் ஹஃப் வகுத்த முறை அது. 1962-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அவர் ஒவ்வொரு கோட்டையும் சாய்வு, வெட்டுத்துண்டு என்ற இரண்டு எண்களால் குறித்தார். படத்தில் நிமிர்ந்த கோடு வந்தால் இரண்டு எண்களும் கட்டில்லாமல் பெருகின. 1972-இல் ரிச்சர்ட் டூடாவும் பீட்டர் ஹார்ட்டும் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, ஆதிப்புள்ளியிலிருந்து கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தையும் அந்தச் செங்குத்தின் கோணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ் = 3 என்ற கோட்டுக்குத் தூரம் 3, கோணம் 0. முன்பு முடிவிலிக்கு ஓடிய கோடு இப்போது மிக எளிய கோடாகிவிட்டது. படங்களில் கோடு தேடும் நிரல்களில் இன்று வழங்குவது இந்த வடிவமே.

ஐபிஎம் நிறுவனத்தில் ஜாக் பிரசன்ஹாம் 1962-இல் வரைபொறிக்காக அமைத்த வழிமுறை இன்னொரு சான்று. கோடு தாழ்வாக இருந்தால் எக்ஸ் வழியே படிப்படியாக நகர்வது, செங்குத்தாக நிமிர்ந்தால் ஒய் வழியே நகர்வது என்று அது பிரித்துக்கொள்கிறது. முழு எண்களின் கூட்டல் கழித்தலே போதும். வகுத்தல் வருவதே இல்லை. கோணம் வேண்டுமென்றால் நிரல்மொழிகளில் இரண்டு எண்களை வாங்கும் தலைகீழ் டேன் சார்பு ஒன்று உண்டு. ஏற்றத்தையும் நகர்வையும் தனித்தனியாகக் கொடுத்தால், வகுக்காமலே 90 பாகை என்று சொல்லிவிடும்.

புள்ளியியலிலும் இதே கதை. தரவுப் புள்ளிகளுக்கு ஊடே கோடு பொருத்த மீச்சிறு வர்க்க முறையைப் பயன்படுத்தும்போது, எல்லாப் புள்ளிகளின் எக்ஸ் மதிப்பும் ஒன்றாக இருந்தால் பகுதி பூச்சியமாகிவிடும். ஒய் திசையில் மட்டும் பிழையை அளக்காமல் கோட்டுக்குச் செங்குத்தாக அளப்பது என்று கார்ல் பியர்சன் 1901-இல் எடுத்துக்கொண்ட அணுகுமுறையில் எந்தத் திசைக்கும் தனிச் சலுகையோ தண்டனையோ இல்லை.

பள்ளிக் கணிதத்திலேயே இதற்கு மருந்து இருக்கிறது. ஒய்-ஐத் தனித்து எழுதும் சாய்வு–வெட்டுத்துண்டு வடிவத்தில் நிலைக்குத்துக் கோட்டுக்கு இடமில்லை. ஏ·எக்ஸ் + பி·ஒய் + சி = 0 என்ற பொது வடிவத்தில் அது சாதாரணக் கோடு; பி மட்டும் 0. இரு கோடுகள் செங்குத்தா என்று பார்க்க, ஏ-க்களின் பெருக்கலையும் பி-க்களின் பெருக்கலையும் கூட்டிப் பூச்சியம் வருகிறதா என்று பார்த்தால் போதும். நிலைக்குத்துக் கோட்டுக்கு (1, 0), கிடைக்கோட்டுக்கு (0, 1), விடை 0. அடைமொழி இல்லாமலே விதி நிற்கிறது.

அச்சைத் திருப்பினால் இடறும் இடமும் மாறும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயில் சுமார் 46 கிலோமீட்டரில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2203 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத்தின் துணை வேண்டியிருக்கிறது. மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றம் சுமார் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் நகர்ந்தால் 1 மீட்டர் உயர்வு. கோணத்தில் இது 5 பாகைகூட இல்லை. ரயில்வேயின் இந்த எழுத்துமுறையைக் கவனிக்க வேண்டும். எழுதுவது நகர்வை ஏற்றத்தால் வகுத்த எண், சாய்வின் தலைகீழ். இந்த முறையில் செங்குத்துப் பாறைக்கு 0-க்கு 1 என்று தயங்காமல் எழுதலாம். எண் கிடைக்காமல் போவது சமதளத்துக்கு. அதனால்தான் பாதையோரச் சரிவுப் பலகைகளில் சமதளம் வரும் இடத்தில் எண்ணுக்குப் பதில் 'எல்' என்ற ஆங்கில எழுத்தை எழுதிவைக்கிறார்கள்.

பொருளாதாரத்திலும் அச்சுகள் இடம் மாறியே நிற்கின்றன. ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட நூலின் வழக்கப்படி விலை நிலைக்குத்து அச்சில், அளவு கிடை அச்சில். நிலைக்குத்தான அளிப்புக் கோடு என்றால் விலை என்னவானாலும் சரக்கு கூடவோ குறையவோ செய்யாது என்று பொருள். அதன் நெகிழ்ச்சி 0. வரைபடத்தின் சாய்வுக்கு எண் இல்லை, பொருளாதார அளவுக்குத் தெளிவான எண் உண்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணும் மாணவர் விடையை நேர்த்தலைகீழாக எழுதிவிடுகிறார்.

இயக்கத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. காலம் கிடை அச்சிலும் தூரம் நிலைக்குத்து அச்சிலும் உள்ள வரைபடத்தில் நிலைக்குத்துக் கோடு வந்தால், ஒரே கணத்தில் பொருள் பல இடங்களில் இருந்ததாகும். எந்த வண்டிக்கும் அது இயலாது. 1908-இல் மின்கோவ்ஸ்கி முன்வைத்த வெளி–கால வரைபடத்தை இன்று காலத்தை மேல்நோக்கி வைத்தே வரைகிறார்கள். அதில் அசையாமல் கிடக்கும் கல்லின் வரலாறுதான் நிலைக்குத்துக் கோடு. ஒரே கோடு ஒரு தாளில் நடக்கவே முடியாத வேகம், இன்னொரு தாளில் முழு ஓய்வு.

வளைகோட்டின் மேல் ஒரு கணம்

நேர்கோட்டில் முடிந்துவிடாத சிக்கல் இது. ஆரம் 1 உள்ள வட்டத்தின் வலது ஓரப்புள்ளியில் தொடுகோடு நிலைக்குத்தாக நிற்கிறது. வகைக்கெழு அங்கே இல்லை. எக்ஸின் கனமூலத்துக்கு ஆதிப்புள்ளியில் இதே நிலை. ஆனால் அந்த வட்டத்தில் நகரும் புள்ளியைக் கொசைன், சைன் என்ற இரண்டு சார்புகளால் காலத்தோடு இணைத்து எழுதினால், ஓரப்புள்ளியில் அதன் திசைவேகம் (0, 1), மேல்நோக்கி ஓரலகு. எந்தத் தடங்கலும் இல்லை. வகைக்கெழு இல்லை என்பதை வளைகோடு அங்கே உடைந்துவிட்டது என்று படிக்கக் கூடாது. ஒய்-ஐ எக்ஸின் சார்பாகப் பார்க்கும் பார்வைக்கு மட்டுமே அங்கே வழி அடைபடுகிறது.

ஒரே எண் ஏன் போதாது?

இதுவரை கண்ட எல்லா முறைகளிலும் ஏதோ ஒரு திசை விடுபட்டது. அது தற்செயலானதல்ல. கோடுகளின் திசைகள், கடிகார முகப்பில் பன்னிரண்டைத் தாண்டி ஒன்றுக்கு வருவதுபோல, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வட்டமாக அமைந்தவை. மெய்யெண் கோடு திரும்பி வருவதில்லை. வட்டத்தை அறுக்காமல் நேர்கோட்டில் விரிக்க முடியாது. ஒரு புள்ளியில் அறுத்தாக வேண்டும். சாய்வு அறுத்த இடம் நிலைக்குத்து. ரயில்வே அறுத்த இடம் சமதளம். கோணத்தால் குறித்தால் எதுவும் விடுபடாது போலத் தோன்றும். ஆனால் 179 பாகைக் கோட்டுக்கும் 1 பாகைக் கோட்டுக்கும் உண்மை இடைவெளி 2 பாகையாக இருக்க, எண்களின் வேறுபாடு 178. வெட்டு அங்கேயும் இருக்கிறது. விடுபடலாகத் தெரியாமல் தாவலாகத் தெரிகிறது. வெட்டே வேண்டாம் என்றால் எண் இரண்டாக வேண்டும்: ஏற்றமும் நகர்வும், அல்லது சைனும் கொசைனும், அல்லது பொது வடிவத்தின் ஏ-யும் பி-யும்.

ஆகவே பாடநூலின் ஒற்றை வரி சரியானது, பாதியில் நிற்பது. அதன் மறுபாதியையும் வகுப்பில் சொல்லிவிடலாம். கோட்டின் திசை (0, 1), அதன் சாய்கோணம் 90 பாகை, அதன் சமன்பாடு எக்ஸ் = 3; இவற்றில் எதற்கும் குறையில்லை. அவற்றை ஒற்றை விகிதமாகச் சுருக்கும்போதுதான் எண் கிடைக்காமல் போகிறது. கணக்குப் போடும் மாணவருக்கும் நிரல் எழுதுபவருக்கும் நடைமுறை ஒன்றுதான்: ஏற்றத்தையும் நகர்வையும் கடைசிவரை தனித்தனியே வைத்துக்கொள்வது, வகுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது, நகர்வு பூச்சியமா என்று பார்த்துவிட்டு வகுப்பது.